ஓடக்காரனும் சவுதி நேரமும்

நீங்களெல்லாம் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டே படியுங்கள். ஐம்பதைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்கிற நான், தினமும் லுஹர் தொழுது சோறு சாப்பிட்ட பிறகு போனில் விளையாடுகிறேன்.

மகள் போட்டுக் கொடுத்தது. ஒரு குளம், குளத்தில் ஓர் இலை. விரலால் தள்ளினால் இலை மிதந்து போகும். போகிற வழியில் பூ விழும். இலையில் பூ சேரச் சேரக் கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். பின்னால் தண்ணீர்ச் சத்தம். அவ்வளவுதான். கேஸை மூடினேனா, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா என்று நான் படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து போவதைப் பார்த்து, பயந்துபோய்ப் போட்டுக் கொடுத்தாள்.

“இதுல தோக்கவே முடியாது உம்மா. மனசு லேசாகணும்னே செஞ்சிருக்காங்க.”

“தோக்காம அது எப்படி வெளையாட்டாகும்?”

“பாத்தீங்களா, அதுக்குள்ளயும் ஒரு கவலையக் கண்டுபுடிச்சிட்டீங்க.”

போன வாரம் ஒரு கல்யாணத்து வலிமா விருந்து. சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி நம் வயசுக்காரிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு பேரப்பிள்ளைகளின் போனில் போய் விழுந்தது. “வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூட அதுகளுக்குத் தெரியாதுடி” என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது, அது தெரியாமல் கொஞ்ச நேரம் இருக்கக் கிடைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அங்கே சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. நம் ஊர் வழக்கந்தான் உங்களுக்குத் தெரியுமே, பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அழைத்துக்கொள்வது. முன்கட்டு உம்மாவுக்கு, பின்கட்டு சாச்சிக்கு. அவள் புருஷன், என் சாச்சா, சவுதியில் இருந்தார். நிக்காஹ் முடிந்த பிறகு லீவில் ஒருமுறை வந்துபோனார், அவ்வளவுதான். அவர் முகத்தை விட அவர் அனுப்புகிற கேசட்டில் வரும் குரல்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தடவை தொண்டையைச் செருமுவார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கின வாரத்தில் சாச்சா அங்கேயே மவுத்தாகிவிட்டார். நெஞ்சுவலி. அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். மய்யித்து வரவில்லை, முகம் பார்க்கவில்லை. செய்தி மட்டும் வந்தது. புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் சாச்சி உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள். பின்கட்டில் ஒரு அறை, அதன் ஜன்னலைச் சாத்தி, வாசலில் திரை போட்டார்கள். திரைக்கு உள்ளே பெண்கள் போகலாம். என் வாப்பா, அக்காள் புருஷனாக இருந்தாலும், திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டும்.

எனக்குப் பத்து வயசு. அதற்கு முன்னாலேயே பயந்த பிள்ளை. சாச்சா போன பிறகு பயம் எனக்குள் குடிவந்துவிட்டது. வாப்பா படுத்திருந்தால் பக்கத்தில் போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அரசலாற்றில் தண்ணீர் கூடினால் எங்கள் தெருவுக்கு வருமா, பள்ளிக்கூடம் போயிருக்கும்போது யாராவது செத்துவிட்டால் எனக்கு யார் வந்து சொல்வார்கள் என்று ஓடும். மழைக்காகப் பள்ளிக்கூடம் அடிக்கடி மூடியது எனக்கு நிம்மதி. பிறகு எட்டாவதோடு நின்றுவிட்டேன். அதற்கு விதை அந்த மழையில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் இருந்தால் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அல்லவா.

சாச்சாவின் பெட்டியைக் கொண்டுவந்தவர் கோட்டுச்சேரிக்காரர், அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர். மழையில் நனைந்து வந்து, முன்கட்டில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். தலை காய்ந்த பிறகும் துவட்டினார். பெட்டியைத் திறந்து வாப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அத்தர் குப்பியும் கைலிகளும் சாச்சாவின் உம்மாவுக்கு. கைக்கடிகாரம் அவர் தம்பிக்கு. அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி போல ஒன்று இருந்தது. நடுவில் கண்ணாடி, இரண்டு ஓரத்திலும் பொத்தான்.

“இது என்னங்க?” என்றார் வாப்பா.

“வீடியோ கேமுங்க. பாய் இத வச்சுக்கிட்டுதான் இருப்பாரு. நாங்க எல்லாம் சீட்டு ஆடுவோம், சண்ட போடுவோம். பாய் கட்டில்ல சாஞ்சு இதுதான். கூப்புட்டாக் காதுல விழாது.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அதுல மணியும் காட்டுங்க. அங்க உள்ள மணி. ரெண்டரை மணி நேரம் பின்னால இருக்கும். மாத்திக்கிடுங்க.”

“சின்னப்புள்ள சாமான்தானே. இந்தா, ஒனக்கு” என்று வாப்பா அதை என் கையில் வைத்துவிட்டார். இறந்தவரின் பொருளில் விலை போகாதது எனக்கு வந்தது. அப்படித்தான் அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாரும் நினைத்தார்கள்.

நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சாச்சி திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். கண்ணாடியில் சின்னதாக ஓர் ஓடம், ஓடத்தில் கூடையோடு ஒரு ஆள். மேலே மூலையில் மணி. விளையாடாத நேரத்தில் அந்த ஆள் தானே இடமும் வலமும் போய்க்கொண்டிருப்பான்.

“மாத்தாத” என்றாள் சாச்சி. “அவங்க வச்ச நேரம். அது அப்படியே ஓடட்டும். யாருகிட்டயும் சொல்லாத குட்டி. சொன்னா அவங்க உம்மா கேப்பாங்க. பெத்தவங்க கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது.”

செய்தி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு என்னையே பார்த்தாள். “ஒன்னோடதுதானே இப்ப. எனக்குக் கொஞ்சம் தருவியா?”

ஜன்னல் சாத்தின அறையில் அதை எப்படி விளையாடுவது? இப்போதுள்ள போன் மாதிரி உள்ளுக்குள் வெளிச்சம் வராது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால்தான் கறுப்பு உருவம் தெரியும். அந்த அறையின் ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. மழை விட்ட நேரத்தில் அதன் வழியாக ஒரு சதுரம் வெளிச்சம் தரையில் விழும். காலையில் மேற்குச் சுவர் ஓரம் இருக்கும். பிறகு மெல்ல மெல்ல அறைக்குக் குறுக்கே நகர்ந்து, சாயங்காலம் அசர் நேரத்தில் கதவுப் பக்கம் போய் மங்கிவிடும். சாச்சியும் நானும் பாயை இழுத்து இழுத்து அதன் பின்னால் போவோம். ஈர ஓட்டின் வாசனை, சாம்பிராணி, சாச்சியின் எண்ணெய் வைக்காத தலை. கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மா கடல் கொந்தளிப்பில் வரவே இல்லை, அதனால் வீட்டில் மீன் வாசனைகூடக் கிடையாது. அந்தச் சதுரத்துக்குள் எங்கள் இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருக்கும்.

ஆற்றுக்கு இரண்டு கரை. இரண்டு கரையிலும் மரம். மரத்திலிருந்து ஆரஞ்சுப்பழம் விழும். பொத்தானை அழுத்தி ஓடத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கூடையில் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. சொன்னால் இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்தவன் மனுசனின் மூச்சைத் தெரிந்தவன். முதலில் பழங்கள் கொட்டாவி விடுகிற மாதிரி ஒவ்வொன்றாக வரும். இவ்வளவுதானா என்று நினைக்கும்போது எதிர்க்கரையில் ஒன்று கிளம்பும். கை பழகப் பழக அதுவும் ஓர் இழை வேகம் கூட்டும். கைக்கு எட்டாத வேகத்துக்கு ஒரேயடியாகப் போகாது, கொஞ்சம் முன்னால் நின்று வா வா என்று கூப்பிடும். இனி முடியாது என்று மூச்சு முட்டுகிற இடத்தில், நூறைத் தொட்டதும், அதுவாகவே மெதுவாகிவிடும். அப்போது சாச்சியின் தோள் கீழே இறங்குவதை நான் பார்ப்பேன். திரும்பவும் ஒன்று, இரண்டு என்று பழங்கள் வரும்.

கவலைப்படுகிறவர்களுக்குத் தெரியும். கவலை வந்து உட்கார ஒரு காலி இடம் வேண்டும். இந்த விளையாட்டு அந்த இடத்தைக் கொடுக்காது. அடுத்த பழம் எந்தக் கரையில் என்பது மட்டும்தான் மனசில் இருக்கும். நேற்று கிடையாது, நாளை கிடையாது. கொஞ்ச நேரத்தில் பொத்தானை அழுத்துகிறோம் என்பதே மறந்துபோகும். ஓடத்தில் நாம்தான் நிற்கிறோம் என்று ஆகிவிடும். ஒருநாள் அப்படி விளையாடி முடித்து நிமிர்ந்தபோதுதான், அன்று காலையிலிருந்து வாப்பா மூச்சு விடுகிறாரா என்று நான் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் சாச்சி விளையாட ஆரம்பித்திருந்தாள். “சாச்சி” என்று கூப்பிட்டேன். காதில் விழவில்லை. கோட்டுச்சேரிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கட்டிலில் சாய்ந்திருந்த மனுஷரும் சாச்சியும் ஒரே ஆற்றில்தான் இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒருத்தர் போன பிறகு இன்னொருத்தி போனாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்காகத் தொழுகையையோ ஓதலையோ சாச்சி விட்டாள் என்று நினைக்காதீர்கள். ஐந்து வேளையும் தொழுவாள், யாசீன் ஓதுவாள். ஓதும்போது அழுவாள். இது அதற்கு அப்புறம், அழுது ஓய்ந்த கைக்கு.

விசாரிக்க வருகிற பெண்களுக்குக் குறைவில்லை. திடீரென்று திரையை விலக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சாச்சி சட்டென்று துப்பட்டிக்குள் கையை இழுத்துக்கொள்வாள். ஆனால் ஆட்டத்தை நடுவில் விட மனசு வராதே! பார்க்காமலே விளையாடுவாள். சத்தத்தை வைத்துப் பழம் எந்தக் கரை என்று அவளுக்குத் தெரியும், இந்தக் கரைக்கு டிக், அந்தக் கரைக்கு டுக். வெளியே கேட்காமல் இருக்க, சத்தம் வருகிற ஓட்டையில் பஞ்சு வைத்து நான் பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். உள்ளங்கைக்கு மட்டும் அந்த அதிர்வு தெரியும் என்பாள். துப்பட்டிக்கு மேலே பார்க்கிறவர்களுக்கு, அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி கட்டைவிரல் நிற்காமல் அசைகிறது என்று மட்டும்தான் தெரியும்.

“பாத்தியாடி, பேசிக்கிட்டு இருக்கும்போதுகூட திக்ரு நிக்கல” என்பார்கள் வெளியே போய். “தஸ்பீஹ் ஓடிக்கிட்டே இருக்கு. அல்லாஹ் இவளுக்குப் பெரிய பொறுமையைக் குடுத்திருக்கான்.”

இந்தப் பேர் தெரு முழுக்கப் பரவி, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து சாச்சியிடம் தங்களுக்காக துஆ செய்யச் சொன்னார்கள். சாச்சி கூசிப்போவாள். அவர்கள் போனதும் என் காதில், “குட்டி, எனக்காக நீ துஆ செய்டி, நான் பொய்யா நல்லவளாயிட்டேன்” என்பாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். இத்தா அறையில் சிரிப்பு.

மழை ஈரம் பிளாஸ்திரியைப் பிய்த்தது. சாச்சாவின் உம்மா வந்திருந்த நாள் அது. அவர்கள் சாச்சியின் பக்கத்தில், முழங்கால் படுகிற மாதிரி உட்கார்ந்து, மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயசில் அவருக்கு மாதுளை பிடிக்கும், தோலைக்கூட மெல்லுவார் என்று. சாச்சி கண்ணில் தண்ணீர் கோத்தது. கை தடுமாறியிருக்க வேண்டும். துப்பட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப்.

“என்னடி இது?” என்றார்கள் சாச்சாவின் உம்மா. “தஸ்பீஹ் கத்துது?”

துப்பட்டியை விலக்கிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் ஓடக்காரன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவர்கள் முகம் மாறினதை நான் மறக்க மாட்டேன். கோபம் இல்லை அது. அடிபட்ட முகம். “எம்புள்ள மண்ணுக்குள்ள கெடக்குறான். நீ வெளையாடுறியா?”

ஒரு வார்த்தை போதும், ‘இது அவங்களோடது மாமி’ என்று. சாச்சி சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாதே என்று சொல்லியிருந்தாளே.

கூட வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, “இத்தாவுல இருக்குறவ அந்நிய ஆம்புளைய பாக்கலாமா? அதுக்குள்ள ஒருத்தன் நிக்கிறானே” என்றார்கள். உம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “பல்லி முட்ட அளவுக்கு இருக்கான், அவன் ஆம்புளையா? எம்மவ வெளையாட்டுச் சாமான் அது. விடுங்க.” ஆனாலும் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தங்கச்சியின் பேரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள், பாவம்.

அதற்குப் பிறகு சாச்சி பேச்சைக் குறைத்தாள். கஞ்சி ஆறி ஆடை கட்டும். மழைச் சாயங்காலத்தில் வாப்பா வாங்கி வருகிற வாடா, இறால் வைத்துச் சுடச்சுட, சாச்சிக்கு உயிர். அதுகூடப் பொட்டலம் பிரிக்காமலே எண்ணெய் ஊறிக் கிடந்தது. கண்ணாடி ஓட்டு வெளிச்சம் அறைக்குள் அதுபாட்டுக்கு நகர்ந்து போகும். சாச்சி பாயை நகர்த்த மாட்டாள். முன்பு திக்ரு என்று புகழ்ந்து, பிறகு விஷயம் தெரிந்து வெட்கப்பட்டவர்கள் திரும்பவும் விசாரிக்க வந்தார்கள், திரும்பவும் அதையே சொன்னார்கள். “தப்ப உணர்ந்து தவ்பா செஞ்சுட்டா பாரு. இப்ப நெசமாவே திக்ரு.”

துப்பட்டிக்குள் அவள் கை வெறும் கை. எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தானே இருந்தேன். கட்டைவிரல் இரண்டும் இடம், வலம், இடம் என்று போய்க்கொண்டே இருந்தன. எதையும் பிடிக்காமல்.

உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சாச்சி தூங்கிப் போயிருந்தாள். தூக்கத்திலும் விரல் அசைந்தது. உம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த இரண்டு கட்டைவிரலையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் உம்மா பீரோவைத் திறந்தபோது கண்ணாடியில் எழுத்து மங்கிக் கிடந்தது. ஓடக்காரன் நிழல் மாதிரி தெரிந்தான். மணி மட்டும், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்னும் ஓடியது. அப்புறம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். உம்மா அதை வாப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். “பேட்டரி தீந்து போச்சுபோல. போட்டுக்கிட்டு வாங்க. யாரு என்ன சொன்னாலும் சரி, எந்தங்கச்சி வெளையாடட்டும்.”

எதற்கெல்லாமோ பயந்தவள் நான். பேட்டரி தீர்ந்துவிடுமே என்றுகூடப் பயந்திருக்கிறேன். புதுசு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் பயப்படத் தெரியவில்லை.

சாயங்காலம் வாப்பா நனைந்துகொண்டு வந்தார். அதைச் சட்டைக்குள் வைத்து, மேலே கைக்குட்டை சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நேரே பின்கட்டுக்குப் போய்த் திரைக்கு வெளிப்பக்கம் நின்று தொண்டையைச் செருமினார்.

“ம்மா, இந்தா. கடிகாரக் கடையில குடுத்துப் புது பேட்டரி போட்டாச்சு. பளிச்சுன்னு இருக்கு பாரு. இத்தன நாளா மணி வேற தப்பாக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு. கடைக்காரர்கிட்டச் சொல்லி நம்ம மணிக்குக் கரெக்டா வச்சாச்சு.”

திரைக்குக் கீழே கையை நீட்டினார். சாச்சி வாங்கினாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். கதவோரம் கடைசி வெளிச்சம் இருந்தது. கண்ணாடி புதுசாக மின்னியது. ஓடக்காரன் மை போட்ட மாதிரி கறுப்பாக நின்றான். மூலையில் மணி, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் மணி.

சாச்சியின் முகத்தில் என்ன நடந்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. கேசட் முடிந்த பிறகு நாடா வெறுமே சுற்றுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அது மாதிரி இருந்தது.

“நல்லா தெரியுதாம்மா?” என்றார் வாப்பா, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஈரச் சட்டையோடு, ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் நிற்கிறார். அவருக்கு அவள் முகம் தெரியாது.

சாச்சி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “நல்லா தெரியுது மச்சான். பளிச்சுன்னு இருக்கு. மழையில எதுக்கு போனீங்க, தலையத் தொவட்டுங்க.”

அவர் செருப்புச் சத்தம் முன்கட்டுக்குப் போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழுதேன். “சாச்சி, ரெண்டரை மணி நேரம் பின்னால வச்சிடலாம் சாச்சி. நான் வக்கிறேன். பழையபடி ஆயிடும்.”

“வேணாம் குட்டி.”

“ஏன் சாச்சி?”

“நாம வச்சா அது நாம வச்ச நேரம்தானே.”

இத்தனை வருஷத்தில் வாப்பாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சாச்சியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை, “அந்த மழையில நான் போயி பேட்டரி போட்டுக்கிட்டு வரலன்னா அந்தப் புள்ள பொழச்சிருக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவகையில் அதுவும் உண்மைதான். ஏனென்றால் மறுநாள் மழை வெறித்து ஓட்டு வெளிச்சம் விழுந்தபோது, சாச்சி தானே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பழத்தை விட்டுவிட்டாள். இரண்டாவதைப் பிடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “அங்க இப்ப என்ன மணி இருக்கும்?”

நான் எழுந்து திரையை விலக்கி முன்கட்டுக்கு ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கழித்தல் கணக்கில் கடன் வாங்கவே வராது எனக்கு, டீச்சரிடம் எத்தனையோ குட்டு வாங்கியிருக்கிறேன். விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன்.

“பதினொன்ற, சாச்சி.”

“ம். இப்ப வெயில் கொளுத்தும்” என்றாள். ஓடம் இடப்பக்கம் போனது.

அன்றிலிருந்து இத்தா முடிகிறவரை அதுதான் என் வேலை. நாளுக்கு எத்தனை தடவை கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்து, கழித்து, வந்து சொல்வேன். அவள் விளையாடிக்கொண்டே கேட்பாள். சில சமயம் ஆட்டத்துக்குள் போய்விட்டால் நான் சொன்னது காதில் விழாது. அப்போது நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியில் ஓடுகிற மணியை விட்டுவிட்டு, என் மனசில் ஓடுகிற மணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மௌனத்தில் எனக்குக் கவலையே இருந்ததில்லை. மழை, டிக், டுக், அவள் மூச்சு. அதைப் போல ஓர் இடம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

மற்றதெல்லாம் நீங்கள் அறிந்த கதை. பிறகு சாச்சிக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆயிற்று, நல்ல மனுஷர், பிள்ளைகள் பிறந்தார்கள். வீடு இடித்துக் கட்டியபோது ஓட்டுக் கூரை போய்த் தளம் வந்தது. விளையாட்டுப் பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. முந்தின வருஷம் சாச்சி மவுத்தான பிறகு, அவள் மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “அப்படி ஒண்ணு இருந்துச்சா ராத்தா? உம்மா சொன்னதே இல்லையே” என்றாள்.

மகள் போட்டுக் கொடுத்த குளம் நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, இலை மிதக்கிறது. ஆனால் தோற்க முடியாது என்பதால் மனசு நடுவில் எழுந்து கேஸைப் பார்க்கப் போய்விடுகிறது. விழுந்துவிடுமோ என்ற பயம் ஒரு துளியாவது இருந்தால்தான் மற்ற பயம் எல்லாம் வெளியே நிற்கும்போல. என்றாலும் விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன். சில நாள், சில நிமிஷம், இலை என் கையை மறந்து தானே போகிறது. அப்போது பக்கத்தில் ஒரு தலை என் தலையோடு முட்டுகிற மாதிரி இருக்கும். எண்ணெய் வைக்காத தலை.

பேரன் வந்து “நன்னிம்மா, நன்னிம்மா” என்று உலுக்குவான். நிமிர்ந்து பார்ப்பேன். போனின் ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது யாரும் சவுதியில் இல்லை. இருந்தாலும் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் என் விரல்கள் தானாக மடங்கி ரெண்டரையைக் கழித்துவிடும். நேற்றும் அப்படித்தான். மக்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள், வாசலில் இருட்டு வந்துவிட்டது, நான் கழித்துப் பார்த்தேன்.

அங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும். விளையாடலாம்.